சின்யோராவின் சத்தியக் கடதாசி

1

போன கிழமையோடு நான் பலெர்மோவுக்கு வந்து இருபத்துநாலு வருஷம். மனிசி ஜெயந்தி காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், "இண்டைக்கு எத்தினையாம் திகதி?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப கண்ணாடிப் போத்தில் குப்பை வைக்கிற நாள்" என்றுவிட்டுப் போனாள். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

ஊரில் சஞ்சிகை நடத்தும் நண்பன் ஒவ்வொரு வருஷமும் இந்த நேரம் பார்த்துப் போன் எடுப்பான். "மச்சான், பனி, குளிர், தனிமை எண்டு என்னவாவது எழுதித் தா" என்பான். பலெர்மோவில் பனி கொட்டுவதில்லை. வெயில் உங்கள் வெயில்தான், இங்கே அதை ஆட்கள் காசு கொடுத்து வந்து காய்கிறார்கள். தனிமைக்கும் வசதியில்லை. எங்கள் கட்டடத்தில் மட்டும் ஏழு தமிழ்க் குடும்பங்கள், யார் வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இந்த முறை வேறொன்று. தலைப்பைப் பார்த்து ஏதோ காணிப் பிரச்சினை என்று நினைத்தவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பலாம். இது இத்தாலிய இராணுவத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் தன் ஆண்மைக் குறைவைச் சேவையால் வந்த பாதிப்பாக ஏற்கச் சொல்லி அரசாங்கத்துக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மேன்முறையீடு செய்த கதை.

திருப்பப் போனவர்கள் திரும்பி வந்திருப்பீர்கள். இருங்கள்.

2

லிபெர்த்தா இங்கே வசதியானவர்களின் பகுதி. தெருவோரம் மரங்கள் நிற்கும். மரங்களுக்குக் கீழே எங்கள் ஆட்கள் பிறருடைய நாய்களையும் பிறருடைய தாய் தகப்பனையும் நடத்திக்கொண்டு போவார்கள். எனக்கு வாய்த்தவர் ஒரு மரேஷால்லோ.

அது பேரல்ல, பதவி. அதிகாரியும் இல்லை, சிப்பாயும் இல்லை, நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துக் கத்துகிற ஆள். வயது எழுபத்துமூன்று. நாற்பத்தாறாவது வயதில் ஆபிரிக்க நாடொன்றுக்குச் சமாதானம் காக்கப் போனவர். சமாதானம் காக்கிற படைகளைப் பற்றி எங்களுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு, அதை நான் அவரோடு கதைப்பதில்லை. அங்கே அவருடைய வண்டி கண்ணிவெடியில் தூக்கி எறியப்பட்டது. முள்ளந்தண்டு பழுது. இடது காது முழுதாகப் போயிற்று. முதுகுக்கும் காதுக்கும் அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுக்கிறது.

காலை ஏழரைக்குப் போய் அவரைக் குளிக்கவார்ப்பேன், சவரம் செய்வேன், முதுகுப் பட்டி கட்டுவேன், விரலில் குத்திச் சீனி பார்ப்பேன். பிறகு அவருக்கு வலது பக்கமாக நடப்பேன். இடது பக்கம் நடந்தால் நான் சொல்வது கேட்காது. கேட்காவிட்டால் நட்டமில்லை, ஆனால் சம்பளம் கேட்கிற நாளில் கேட்கவேண்டும்.

வீட்டில் அவருடைய மனைவி. ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அவவைச் சின்யோரா என்பேன். இருவருக்கும் இரண்டு அறை. சின்யோரா புருஷனோடு நேரே கதைப்பதில்லை. அவர் முன்னால் உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்து, "மரேஷால்லோவுக்குச் சொல்லு, மருந்து மேசையிலை கிடக்கு" என்பா. நான் திரும்பி அவருக்குச் சொல்வேன். அவர், "கண்டிட்டன் எண்டு சொல்லு" என்பார். நான் திரும்பவும் சொல்வேன். இப்படி ஒன்பது வருஷம் அந்த வீட்டில் ரெலிபோனாக வேலை செய்தேன்.

அவர்கள் கதைப்பது இத்தாலியன். நான் எழுதுவது எங்கள் தமிழ். இடையில் விழுந்து போனது மரேஷால்லோவின் தூஷணங்கள் மட்டும்தான்.

3

மாசி மாதம் ஒரு நாள், கோப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒரு கடிதத்தை எடுத்தார்.

"சீவா, நீ கலியாணம் கட்டின ஆள்தானே?"

சிவபாதம் என்ற என் பேர் அவருடைய வாயில் அவ்வளவுதான் தேறும். "ஓம், மரேஷால்லோ" என்றேன்.

"அப்ப இதை வாசி."

அரசாங்கக் கடிதத்தில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது இரண்டு இடம்தான்: எவ்வளவு, எப்போதைக்குள். நடுவில் கிடப்பதை எப்போதும் மகள்தான் வாசிப்பாள். இந்தக் கடிதத்தில் 'எவ்வளவு' இல்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மரேஷால்லோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சுட்டுவிரலை நேரே நிமிர்த்தினார். பிறகு அதை மெல்ல, மெல்ல, சாயவிட்டார்.

பலெர்மோவில் கைக்கு அகராதி தேவையில்லை. விளங்கிவிட்டது.

அவரோடு படையிலிருந்த ஒருவருக்கு, முள்ளந்தண்டு நரம்பு பாதித்ததால் வந்தது என்று இதையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்களாம். கேள்விப்பட்டு இவரும் விண்ணப்பித்திருக்கிறார். மறுத்துவிட்டார்கள். காரணம் மூன்று: வயது, சீனி வருத்தம், அந்தக் காலத்தில் முறைப்பாடு எதுவும் பதியப்படவில்லை.

"எனக்கு நாப்பத்தாறு வயசு அப்ப. சீனி வந்தது அறுபதிலை" என்றார். "முதுகு நோகுது எண்டு முறைப்பாடு குடுத்தன். காது கேக்கேல்லை எண்டு குடுத்தன். இதை எப்பிடிக் குடுக்கிறது? டொக்டர் இருந்தது சீலைக் கூடாரம். வெளியிலை என்ர பெடியள் முப்பது பேர் வரிசையிலை. உள்ளை இருமினாலே வெளியிலை கேக்கும்."

"காசு கனக்க வருமோ?"

"காசு ஆருக்கு வேணும்? முத்திரையோடை ஒரு வரி வேணும். சேவையாலை வந்தது எண்டு."

"ஆருக்குக் காட்ட?"

அவர் கோப்பியைக் கலக்கினார். அதில் சீனியே போடவில்லை.

"நான் வாசிக்க" என்றார்.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஊரில் ஒருவர் இப்படி விண்ணப்பித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். விதானையாரிடம் முதலில் உறுதிப்படுத்தவேண்டும். விதானையார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'மேற்படி நபரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்' என்று எழுதுவார். பிறகு மாவட்டக் கச்சேரி அலுவலகம். கச்சேரியில் ஒருவர், போட்டோக் கொப்பி தெளிவில்லை என்று திருப்பி அனுப்புவார். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்து, பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வந்துவிடும்.

4

மேன்முறையீடு எழுத ஒரு பத்ரொனாத்தோவுக்குப் போனோம். படிவம் நிரப்பிக் கொடுக்கிற அலுவலகம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்கிற வெளிநாட்டுக்காரரும், ஓய்வூதியக் கிழவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மேசையில் பேத்தி வயதில் ஒரு பெண். இடது காது கேட்காதவர் என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் சத்தமாகத்தான்.

"எப்பவிலிருந்து?"

மரேஷால்லோ முணுமுணுத்தார்.

"முற்றாகவோ, இடைக்கிடையோ? இஞ்சை ரெண்டு கட்டம் இருக்கு!"

முப்பது பெடியள் நின்ற வரிசைக்குப் பயந்து இருபத்தேழு வருஷம் வாயைத் திறக்காத மனிதன், நாற்பது பேர் வரிசையில் நிற்க, "முற்றாக" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார், அணிவகுப்பில் பேர் கூப்பிட்டதுபோல.

வரிசையில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் கண்டது, ஒரு மேசை, ஒரு படிவம், அதற்கு முன்னால் நான். அடுத்த வெள்ளி கோயில் மண்டபத்தில் ஒருவர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "தம்பி, யோசியாதையும். கொழும்பிலை ஒருத்தர் நல்ல லேகியம் செய்யிறார். என்ர மச்சான் வரேக்கை எடுப்பிக்கலாம்" என்றார். அது எனக்கில்லை, மரேஷால்லோவுக்கு என்று சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லி, போன் நம்பரை வாங்கிப் பையில் வைத்தேன்.

அந்தப் பெண் சொன்னது இதுதான். நரம்பு வைத்தியரின் அறிக்கை ஒன்று வேண்டும். அது கிடைத்துவிட்டது. இரண்டாவது, மனைவியின் சத்தியக் கடதாசி. எப்போது தொடங்கியது என்று சொல்லக்கூடிய சாட்சி உலகத்தில் அவ ஒருவர்தானே. இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் மேன்முறையீடு செல்லாது.

தெருவுக்கு வந்ததும் மரேஷால்லோ நின்றுவிட்டார்.

"நீ கேள்."

"நானோ? சின்யோராவிட்டையோ? என்னெண்டு கேக்கிறது?"

"வீட்டுக்குள்ளை எல்லாக் கதையையும் நீதானே காவிக்கொண்டு போறனி. இதையும் காவு." பிறகு குரல் இறங்கிற்று. "அங்கையிருந்து வந்தன், முதுகு நோ எண்டு மற்ற அறைக்குப் போனன். அவ ஒண்டும் கேக்கேல்லை. கேக்காதபடியால் விளங்கியிட்டா எண்டு நினைச்சு இருந்திட்டன். இப்ப நான் போய் எந்த வாயாலை தொடங்குறது?"

5

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். வேறு நாட்டுக்காரன் எவனும் விடமாட்டான்.

எங்கள் ஆட்களுக்குக் கூடாத செய்தியை நேரே சொல்லி வழக்கமில்லை. தகப்பன் செத்துவிட்டால்கூட, "ஐயாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு, ஒருக்கா வந்திட்டுப் போவன்" என்போம். கேட்கிறவனும் அதிலேயே விளங்கி, வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவான். சொல்லாமல் சொல்வது ஒரு மரியாதை. அந்த மரியாதையைச் சின்யோராவுக்கும் செய்வோமென்று நினைத்தேன்.

தோய்த்த சேட் போட்டுக்கொண்டு போனேன். போகிற வழியில் சியாகுல்லி மந்தரின் ஒரு கிலோ வாங்கினேன். பருவம் பிந்திப் பழுக்கிற இனிப்பு மந்தரின், அவவுக்கு விருப்பம். அதைத் தட்டில் அடுக்கி மேசையில் வைத்தேன். பெண் கேட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டுக்காரன் கெட்டான்.

"சின்யோரா, ஒருக்கா இருங்கோ."

அவ என் சேட்டைப் பார்த்தா. தட்டைப் பார்த்தா. இருந்தா.

வெயிலைப் பற்றிக் கதைத்தேன். பகேரியாவில் இருக்கும் அவவின் தம்பியின் சுகத்தை விசாரித்தேன். பிறகு, "மரேஷால்லோவுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்றேன்.

"தெரியும். முதுகு."

"முதுகில்லை. வேறை. கனகாலமா இருக்கு. உங்களுக்குச் சொல்ல அவருக்கு மனம் வரேல்லை. பெரிய டொக்டர் பாத்து எழுதிக் குடுத்திட்டார்."

சின்யோரா மேசையின் விளிம்பைப் பிடித்தா. "எவ்வளவு நாள்?"

நான் மேன்முறையீட்டை நினைத்துக்கொண்டு, "இந்த மாதக் கடைசி மட்டும்தான், சின்யோரா" என்றேன்.

அவ எழும்பிப் போன வேகத்தில் கதிரை விழுந்தது. நான் கதிரையை நிமிர்த்திவிட்டு, ஏதோ சரியில்லை என்று பின்னால் போனேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவ புருஷனுடைய அறைக்குள் நின்றா. நின்றா என்பது பிழை. கட்டிலோரம் முழங்காலில் இருந்து, அவருடைய கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தா. மரேஷால்லோ சவரம் செய்யாத கன்னத்தோடு என்னைப் பார்த்தார்.

"உன்னை மன்னிச்சிட்டன்" என்றா சின்யோரா. "எல்லாத்தையும் மன்னிச்சிட்டன். அந்தப் பொம்பிளையையும் மன்னிச்சிட்டன்."

"எந்தப் பொம்பிளை?"

"ஆபிரிக்காவிலை நீ வைச்சிருந்தவள்."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சீவா" என்றார் மரேஷால்லோ மெதுவாக. "நீ இவவுக்கு என்ன சொன்னனி?"

6

பிறகு உண்மையை அவரே சொன்னார். நான் வாசலில் நின்றேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை.

சின்யோரா கண்ணைத் துடைத்தா. முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினா. வைத்தியர் அறிக்கையைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் கட்டுரை திருத்துகிற மாதிரி வாசித்தா.

"இது இந்த வருஷம் எழுதினது. இந்த வருஷம் எல்லாக் கிழவனுக்கும்தான் இது இருக்கும். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தி இருந்தது எண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"அதுக்குத்தான் உன்ர கையெழுத்து வேணும்" என்றார் அவர்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். நீ போகேக்கை என்ர புருஷன். வந்து மற்ற அறையிலை படுத்தாய். ஏன் எண்டு சொல்லேல்லை. நான் ஒரு காரணத்தை யோசிச்சு வைச்சிருந்தன். இப்ப நீ வேறை காரணம் சொல்லுறாய். அரசாங்கம் முத்திரை குத்திச் சேவையாலை வந்தது எண்டு எழுதித் தரட்டும். அப்ப நம்புறன்."

இருபத்துநாலு வருஷமாக அலுவலகங்களுக்குத் திரிந்த எனக்கே இப்படியொரு முடிச்சு அகப்பட்டதில்லை. அவவின் கையெழுத்து இல்லாமல் அரசாங்கத்தின் கடிதம் வராது. அரசாங்கத்தின் கடிதம் வராமல் அவ கையெழுத்து வைக்கமாட்டா.

அடுத்த மூன்று நாளும் மரேஷால்லோ சவரம் செய்யவிடவில்லை. கோப்பிக்கும் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் முதுகுப் பட்டியைக் கட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தேழு வருஷம் எனக்கு ஒரு பொம்பிளை இருந்திருக்கிறாள், சீவா. எனக்கே தெரியாமல். அவளுக்குப் பேர்கூட வைச்சிருப்பா இவ."

நான் பட்டியின் கொளுவியைப் பூட்டினேன். இறுக்கமோ என்று கேட்டேன். இல்லை என்றார்.

அன்று பத்து மணிபோல் சின்யோரா குசினியில் அவரைக்காய் உடைத்துக்கொண்டிருந்தா. நான் நிலம் துடைத்தேன். மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

"சீவா, நீ ஒரு ஆம்பிளை. உண்மையைச் சொல்லு. ஒரு அடி விழுந்து, அதோடை ஒருத்தனுக்கு இப்பிடி ஆகுமோ? ஆனாலும், மனிசிக்கு ஒரு சொல் சொல்லாமல் இவ்வளவு காலம் இருப்பானோ?"

"ஓம்" என்றேன்.

"ஓமெண்டால்? உனக்கு என்னெண்டு தெரியும்?"

நான் துடைப்பத்தை வாளிக்குள் வைத்தேன். சொன்னேன்.

என்னுடைய இத்தாலியன் வீட்டு வேலை இத்தாலியன். வாளி, கயிறு, கதிரை, வயர், தண்ணீர்க் குழாய், ஈரத் துணி, கதவைச் சாத்து, திரும்பவும் செய். ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்த முகாமில் பதினொரு நாள் எனக்கு நடந்ததைச் சொல்ல அந்தச் சொற்களே போதுமாக இருந்தன. ஒரு சொல்லும் குறையவில்லை. கடைக்குப் போய்வந்து கணக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அழுகை வரவில்லை. சொல்லி முடிந்ததும் நிலத்தில் துடைக்காமல் விட்ட இடம் தெரிந்தது, அதைத் துடைத்தேன்.

பகிடிக்காரன் என்று பேரெடுத்தவன் நான். ஆட்கள் "என்ன, ஒரு பெட்டையோடை நிப்பாட்டியிட்டியள்?" என்று கேட்டால், "இத்தாலியிலை வீடு சின்னன்" என்று சொல்லிச் சிரிக்கப்பண்ணுவேன். மகள் நான் பிடிபடுவதற்கு முதல் பிறந்தவள். இதை நான் இந்த நாட்டுக்கும் சொல்லவில்லை. அகதி விசாரணையில், "நிரந்தரமான பாதிப்பு எதுவும் உண்டா?" என்று கேட்டார்கள். மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் மாமி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவர். "ஒண்டுமில்லை, எல்லாம் சரி" என்றேன். அவரும் நிம்மதியாக அதை மொழிபெயர்த்தார். பிறகு படிவங்கள் வந்தன. எங்கள் வீட்டில் படிவம் நிரப்புகிற அதிகாரிக்கு அப்போது ஒன்பது வயது. கட்டம் கட்டமாக வாசித்து, "அப்பா, இதுக்கு ஓமோ, இல்லையோ?" என்று கேட்பாள். எல்லாக் கட்டத்துக்கும் இல்லை என்றேன். இப்போது அவள் தூரினோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் தமிழை மருந்துபோல் இரண்டு கரண்டி கதைத்துவிட்டு, இத்தாலியனுக்குப் போய்விடுவாள்.

மூன்று வீடு தள்ளி இருந்தவர் இந்தச் சஞ்சிகையை வாசிக்கிறவர். வாசிக்கட்டும்.

சின்யோரா அவரைக்காயை மடியில் வைத்தபடி இருந்தா. கேட்டது ஒன்றுதான்.

"உன்ர மனிசிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"சொன்னனியோ?"

"இல்லை. ஆனால் விளங்கியிருப்பா எண்டு நினைக்கிறன். அவ ஒண்டும் கேக்கிறேல்லை."

சின்யோரா என்னைப் பார்த்தா. "நானும் கேக்கேல்லைத்தானே, சீவா" என்றா.

7

அன்று பின்னேரமே சத்தியக் கடதாசி எழுதினா. ஆசிரியைக் கையெழுத்து, ஒரு வெட்டுக் கொத்து இல்லை. புருஷன் திரும்பி வந்த நாளிலிருந்து தாங்கள் கணவன் மனைவியாக வாழவில்லை என்றும், தான் அதற்கு வேறு காரணம் நினைத்திருந்ததாகவும், அது பிழையென்றும், பொய் சொல்ல அவசியமில்லாத ஒருவரிடமிருந்து அதைத் தெரிந்துகொண்டதாகவும் எழுதியிருந்தா. பத்ரொனாத்தோவில் அந்தப் பெண், கடைசி வரி தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றாள்.

"கிடக்கட்டும்" என்றா சின்யோரா.

மருத்துவக் குழு கூப்பிட்டது. மூன்று வைத்தியர்கள். மரேஷால்லோவும் சின்யோராவும் உள்ளே போனார்கள், நான் வெளியே அவருடைய தொப்பியை வைத்துக்கொண்டு இருந்தேன். வரும்போது சின்யோரா அவருடைய வலது பக்கமாக நடந்தா. எனக்கு நடக்க இடமிருக்கவில்லை. பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு வீட்டில் என் ரெலிபோன் வேலையும் போய்விட்டது. "மருந்தைக் குடி" என்று அவ நேரே சொல்வா. "குடிச்சிட்டன்" என்று அவர் நேரே பொய் சொல்வார்.

போன மாதம் கடிதம் வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. பாதிப்பின் அளவு ஏற்கனவே கொடுப்பதற்குள் அடங்குவதால் மேலதிகப் பணம் எதுவும் இல்லை. ஆனால் நடுவில் அந்த வரி இருந்தது: சேவையின் காரணமாக ஏற்பட்டது. மரேஷால்லோ மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றினார். திரும்பவும் போட்டு வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்துச் சின்யோராவின் பக்கம் தள்ளினார்.

அவ அதைப் பிரிக்கவே இல்லை. அப்படியே எடுத்து அலுமாரி லாச்சிக்குள், மின்சாரக் கட்டணத் துண்டுகளோடு வைத்தா.

"சீவா, கருவிப் பெட்டியை எடுத்து வா."

அவருடைய அறையிலிருந்த ஒற்றைக் கட்டிலைக் கழற்றச் சொன்னா. நான் நிலத்தில் குந்தியிருந்து ஸ்பானரால் நட்டுகளைக் கழற்ற, மரேஷால்லோ கதிரையில் இருந்து கட்டளையிட்டார். "இடது பக்கம் முதலிலை! இடது!" அவருடைய இடது என்னுடைய வலது. இரண்டு தரம் பிழைவிட்டேன். சட்டங்களைச் சுவரோடு சாத்தி வைத்தோம். நல்ல வைரமான பழைய மரம்.

"இதை நீ கொண்டு போவன்" என்றா சின்யோரா. "எறிய மனம் வரேல்லை. விருந்தாளி வந்தால் படுக்கலாம்."

"வேண்டாம், சின்யோரா. எங்கட வீட்டிலை ஏற்கனவே ஒண்டு கிடக்கு."

"விருந்தாளிக்கோ?"

"எனக்கு."

மரேஷால்லோ கட்டளையிடுவதை நிறுத்தினார். சின்யோரா குனிந்து, நிலத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்து, குசினி ஏப்ரனில் துடைத்து, என் கைக்குள் வைத்தா. "நாளைக்குக் கொண்டு வந்தால் போதும்" என்றா. அது நாலு கிழமைக்கு முந்தி.

ஒவ்வொரு நாளும், மறந்துவிட்டேன் என்று அவவுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும், "கிடக்கட்டும்" என்கிறா. ஸ்பானர் என் காற்சட்டைப் பைக்குள்ளேயே வேலைக்கு வந்து, வேலையால் வீட்டுக்குப் போனது.

நேற்று நான் பையிலிருந்ததை வெளியே எடுக்க முதலே ஜெயந்தி உடுப்புத் தோய்க்கப் போட்டாள். பைகளைத் தட்டிப் பார்க்கிறது அவளுடைய வழக்கம். ஒரு பஸ் டிக்கெட், லேகியக்காரரின் போன் நம்பர் எழுதிய துண்டு, ஸ்பானர். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

பகிடி ஒன்று வாய் நுனிவரை வந்தது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு, எனக்கு முன்னால் இருந்தாள்.